மேல்வாரம்

எங்க ஊர் திருச்சுழிப் பக்கம். கரிசலும், சீமைக்கருவேலமும், பெரும்பாலும் வறண்டே கிடக்கும் குண்டாறும் பார்த்து வளர்ந்தவன் நான். 1985-இல் விருதுநகர் மாவட்டம் பிரியும்வரை இது ராமநாதபுரம் மாவட்டம். அதற்கு முன்னால் சேதுபதி சீமை. ஆனாலும் ராமநாதபுரத்து ராமலிங்க விலாசத்துக்குள் கால் வைக்க எனக்கு முப்பது வயது தாண்ட வேண்டியிருந்தது. தாத்தா கடைசிவரை போகவேயில்லை. கூப்பிட்டால், "அங்க நமக்கு என்னடா சோலி?" என்பார்.

போகலூரிலிருந்து தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாற்றியவர் கிழவன் சேதுபதி. இந்த அரண்மனையும் அவர் காலத்தது. கட்டடம் பார்க்கக் கோவில் மாதிரியே இருக்கிறது. படியேறினால் தூண்கள் நிறைந்த மகா மண்டபம், அதைத் தாண்டி அர்த்த மண்டபம், கடைசியில் கருவறை போல ஓர் அறை. உள்ளே போகப் போகத் தரை உயர்கிறது. சாஃப்ட்வேரில் யாருக்கு எதுவரை அனுமதி என்று அடுக்கடுக்காகப் பிரிப்போம் இல்லையா, அதை இங்கே கல்லில் செய்து வைத்திருக்கிறார்கள். மாடியில் ராஜாவின் பள்ளியறை.

சுவரெல்லாம் ஓவியம். முத்து விஜயரகுநாத சேதுபதி (1710–1725) காலத்தவை. ராமாயணம், தஞ்சை மராட்டியரோடு நடந்த போர், ராஜாவைப் பார்க்க வந்த ஐரோப்பியர். ஒரு ஓவியத்தில் ராஜராஜேஸ்வரி அம்மனே ராஜாவுக்குச் செங்கோல் கொடுக்கிறாள். ரொம்ப நேரம் தேடினேன். ஒரு களத்துமேடு என் கண்ணில் படவில்லை.

இத்தனைக்கும் பணம் வந்தது களத்துமேட்டிலிருந்துதான். கண்மாய்ப் பாசன நெல்லைக் களத்தில் அளந்து பங்கு வைப்பார்கள். சீமைக்காரருக்குப் போவது மேல்வாரம், மிச்சம் குடிவாரம். 1795-இல் கம்பெனி ராஜாவைப் பதவியிலிருந்து இறக்கியது. 1803-இல் சீமை ஜமீனாகி, அவருடைய அக்கா மங்களேஸ்வரி நாச்சியார் கைக்குப் போனது. ஆள் மாறினாலும் அளப்பது நிற்கவில்லை. 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகுதான் நின்றது.

தாத்தா கேட்ட கேள்விக்கு அந்தத் தூண்களுக்கு நடுவில் நின்றபோது பதில் தெரிந்தது. சோலி இருக்கு தாத்தா, இதுல நம்ம நெல்லும் இருக்கு.

ஆனால் மேல்வாரம் வாங்கியவருக்கு ஒரு கடமையும் இருந்தது. கண்மாய்க் கரையையும் மடையையும் அவர்தான் மராமத்துப் பார்க்க வேண்டும். ஒழுங்காகப் பார்த்தார்களா என்பது வேறு வழக்கு. கேட்க ஒரு வாசலாவது இருந்தது.

சாயங்காலம் ஊருக்குத் திரும்பி, பஸ்ஸை விட்டு இறங்கியதும் கண்மாய்க் கரையில் ஏறினேன். உள்ளே முழுக்கக் கருவேலம். பங்கு கேட்டு இப்போது யாரும் வருவதில்லை. கரையைப் பார்க்கவும்தான்.