பேர் வெட்டின பாத்திரம்

ராயபுரம் மேற்கு மாதா சர்ச் தெருவில் பார்சிகளோட அக்னி கோயில் ஒண்ணு இருக்கு. 1910-ல் திறந்தது. சின்ன வயசில் கேட் வழியா எட்டி எட்டிப் பார்ப்பேன். பார்சி இல்லாதவங்களுக்கு உள்ளே அனுமதி கிடையாது. "அணையாத நெருப்பு இருக்குடா"ன்னு பாட்டி சொல்வாங்க. "எதுல ஆயா வெச்சிருப்பாங்க, அடுப்புலயா?"ன்னு கேட்டு முறைப்பு வாங்கினேன்.

பதில் ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சது. இந்த மாதிரி கோயில்கள்ல பீடம் வெச்ச பெரிய உலோகக் கிண்ணத்தில் சாம்பல் மேல நெருப்பை வளர்ப்பாங்க. பேரு அஃபர்கான்யு.

அதைத் தேடப் போய் பழைய பாரசீகப் பாத்திரங்கள்ல மாட்டிக்கிட்டேன். சாசானிய அரசர்கள் (கி.பி. 224-651) காலத்து வெள்ளித் தட்டுகள் இருக்கே... அடேயப்பா! ராஜா குதிரை மேல வேட்டையாடற காட்சி. தட்டை அடிச்சு, கடைஞ்சு எடுப்பாங்க. புடைப்பா தெரியற உருவங்கள்ல பலதும் தனித்துண்டு. தட்டிலேயே உளியால விளிம்பைக் கிளப்பி, துண்டை அதுக்குள்ளே செருகி அடிச்சு இறுக்கிடுவாங்க. அப்புறம் பாதரசத்தில் கரைச்ச தங்கத்தைப் பூசிச் சூடு காட்டினா பாதரசம் ஆவியாயிடும், தங்கம் ஒட்டிக்கும்.

சில பாத்திரங்கள்ல சொந்தக்காரர் பேரையும் எடையையும் பஹ்லவி எழுத்தில் வெட்டியிருக்காங்க. வெள்ளின்னா அவங்களுக்கும் காசுதானே! வேணும்னா உருக்கிடலாம். இன்னிக்கு மிஞ்சினதில் நிறைய கிடைச்சது ஈரான்ல இல்லை, ரஷ்யாவில் யூரல் மலைப் பக்கம். மென்மயிர்த் தோல் வியாபாரத்தில் அங்கே போனதை அந்த ஊர் ஜனங்க வழிபாட்டுக்கு வெச்சுக்கிட்டாங்க. எடை போடாம சாமிகிட்ட வெச்சதால பொழைச்சுது. இப்போ பல தட்டுகள் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் மியூசியத்தில் இருக்கு.

இதைப் படிச்சப்ப எங்க வீட்டு அண்டாதான் ஞாபகம் வந்தது. பாட்டிக்குச் சீதனமா வந்த பித்தளை அண்டா. கழுத்துல புள்ளி புள்ளியா அவங்க பேர் வெட்டியிருக்கும். புளி போட்டுத் தேய்ச்சு மாளலைன்னு அம்மா ஒருநாள் அதை எடைக்குப் போட்டு எவர்சில்வர் குடம் வாங்கிட்டாங்க. கடைக்காரர் தராசில் வெச்சார், கிலோ சொன்னார், அவ்வளவுதான். பாட்டி ஒண்ணும் பேசலை. திரும்பி வர்ற வழியெல்லாம் புதுக் குடத்தை நான்தான் சந்தோஷமா தூக்கிட்டு வந்தேன்.

இப்போ வீட்டில் மிச்சம் ஒரே ஒரு சொம்பு. அதிலயும் பாட்டி பேர் இருக்கு. சாமி மாடத்தில் வெச்சிருக்கேன். உங்க வீட்டுப் பரண்லயும் ஏதாவது கிடந்தா, எடைக்குப் போடறதுக்கு முன்னாடி கழுத்தை ஒரு தடவை தடவிப் பாருங்க.