சுராங்கனி யார் வீட்டுப் பெண்?

பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களில் கல்யாணக் கச்சேரி என்றால் 'சுராங்கனி' பாட்டு கட்டாயம் உண்டு. அது யார் பாட்டு என்று இளவட்டங்களைக் கேட்டால், "இளையராஜா பாட்டு சார்" என்பார்கள். பாதி சரி. 1977இல் வந்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் அவர் இசையில்தான் அது திரையில் ஒலித்தது. ஆனால் அந்தப் பாட்டு கோடம்பாக்கத்தில் பிறந்ததல்ல, கடல் தாண்டி வந்தது. அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் தாளத்தைப் பார்ப்போம். இலங்கையில் 'பைலா' என்று ஒரு ஆட்டப்பாட்டு உண்டு. போர்த்துகீசிய மொழியில் 'பைலார்' என்றால் ஆடுவது. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் பாடப் புத்தகத்தில் நடன விருந்துக்கு 'பால்' என்று வரும். இரண்டும் ஒரே வேர்ச்சொல்லின் பிள்ளைகள். 1505இல் இலங்கையில் கால் வைத்த போர்த்துகீசியர்களும், அவர்கள் கூட்டி வந்த ஆப்பிரிக்கர்களும் விட்டுச் சென்ற ஆட்டம் அது. அதே போர்த்துகீசியர் நம் பழவேற்காட்டிலும் குடியேறி, மாதா கோயில் கட்டினார்கள். பிறகு டச்சுக்காரர் வந்து 1613இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பினார்கள். ஜன்னல், சாவி, அலமாரி என்ற சொற்கள் தமிழில் தங்கின. இலங்கையில் சொற்களோடு தாளமும் தங்கிவிட்டது.

பைலாவின் தாளம் ஆறு எண்ணிக்கையில் குதித்துக் குதித்து ஓடும். ஒரு கிதார், ஒரு பொங்கோ, கைதட்ட நாலு பேர் இருந்தால் போதும். 1940களில் வாலி பஸ்தியான் என்ற போலீஸ்காரர் அதைச் சிங்களத்தில் பாடிப் பிரபலமாக்கினார். 1960களில் மேற்கிந்தியத் தீவுகளின் கலிப்ஸோ பாணியும் வந்து சேர்ந்தது. கிளாரன்ஸ் விஜேவர்தனவின் 'மூன்ஸ்டோன்ஸ்' குழு மின்கிதாரோடு சிங்களத்தில் புதுப் பாட்டுகள் போட்டது. அந்த அலையில் தமிழ் இளைஞர்களும் இறங்கினார்கள். அவர்கள் பாடியதைத்தான் 'பொப் இசை' என்றும் 'துள்ளிசை' என்றும் சொன்னார்கள்.

தமிழில் முன்னோடி நித்தி கனகரத்தினம். 'சின்ன மாமியே' அவருடைய பாட்டு. சினிமா காதல் வசனமோ இலக்கணத் தமிழோ அதில் கிடையாது. யாழ்ப்பாணத்து வீட்டுப் பேச்சும் கேலியும் அப்படியே கிதாரில் ஏறின. கள்ளுக்கடைக்குப் போகாதே என்று புத்தி சொல்வதைக்கூட ஆட வைக்கும் மெட்டில் சொன்னார். அடுத்து வந்தவர் ஏ. ஈ. மனோகரன். மேடையில் ஆடிக்கொண்டே பாடுவார், கூட்டத்தையும் சேர்ந்து பாட வைப்பார். அவர் வாயில்தான் சுராங்கனி நம் ஊர் வந்தாள். பொப் இசைச் சக்கரவர்த்தி என்று பட்டமே கொடுத்தார்கள்.

இதையெல்லாம் நம் கரைக்குக் கொண்டு வந்தது வானொலி. 1952இல் நம் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கி வைத்தது. 1957இல் விவித பாரதி வரும்வரை அந்த இடத்தை இலங்கை வானொலி பிடித்துக்கொண்டது, பிறகும் விடவில்லை. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது குரல்கள் தமிழகக் கரையோரத்தில் சொந்தக்காரர் குரல் மாதிரி. சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே அந்தப் பொப் பாட்டுகளும் வரும்.

சுராங்கனியில் வரும் 'மாலு' என்ற சொல்லுக்கு அர்த்தம் தெரியுமா? சிங்களத்தில் மீன். கடலிலிருந்து மீன் கொண்டு வந்திருக்கிறோம் என்று ஒரு பெண்ணிடம் சொல்லும் பாட்டு அது. மீன் பிடித்தே பிழைக்கும் நம் குப்பங்கள், அது மீன் பாட்டு என்று தெரியாமலே இத்தனை வருஷம் ஆடியிருக்கின்றன!

சின்ன ஊரின் மெட்டு பெரிய மொழியில் போய்ப் பேர் வாங்குவது உலகத்தில் புதிதல்ல. லாட்வியா என்று பால்டிக் கடலோரம் ஒரு சின்ன நாடு. அங்கே ரைமண்ட்ஸ் பவுல்ஸ் என்ற இசையமைப்பாளர் 1981இல் ஒரு மெட்டுப் போட்டார். லாட்விய மொழியில் அது தாய், மகள், பெண் பிறவி பற்றிய பாட்டு. அடுத்த வருஷமே அதே மெட்டுக்கு ரஷ்ய மொழியில் வேறு வரிகள் எழுதி அல்லா புகச்சோவா பாடினார். பத்து லட்சம் ரோஜாக்கள் என்ற அந்தப் பாட்டைத்தான் உலகம் அறியும். ஆனாலும் லாட்வியர்கள் தங்கள் பாட்டை இன்னும் தங்கள் மொழியில் பாடுகிறார்கள். அவர்களுக்கு நாடு இருக்கிறது, வானொலி இருக்கிறது.

இலங்கைத் தமிழ்ப் பொப் இசைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சிங்களமும் தமிழும் ஒரே பாட்டில் கைகோத்து ஆடிய காலம் அது. 1983 கலவரமும் தொடர்ந்த போரும் கேட்டவர்களையும் பாடியவர்களையும் நாலா திசையிலும் சிதறடித்தன. நித்தி கனகரத்தினம் ஆஸ்திரேலியாவில் குடியேறினார். மனோகரன் தமிழ்நாட்டுக்கு வந்து சினிமாவில் வில்லன் வேஷங்கள் கட்டினார். அதற்கு முன் 1978இல் அவர் நடித்த இலங்கைப் படம் 'வாடைக்காற்று'. செங்கை ஆழியானின் நாவலிலிருந்து எடுத்த, மீனவர் வாழ்க்கையைச் சொல்லும் படம். 2018 ஜனவரியில் சென்னையில் அவர் காலமானார். நம் குப்பங்களிலிருந்து அறுபது கிலோமீட்டர் தூரம்கூட இருக்காது.

பாட்டு எல்லோருக்கும் பொதுச்சொத்துதான், மறுக்கவில்லை. ஆனால் யார் வலையில் விழுந்த மீன் என்று சொல்லிவிட்டுப் பங்கு போடுவதுதானே கரை வழக்கம்? பேரனோ பேத்தியோ சுராங்கனி பாடினால் இந்தப் பேர்களையும் சொல்லிக் கொடுங்கள். பழைய இலங்கை இசைத்தட்டோ கேசட்டோ பரண் மேல் கிடந்தால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.