எட்டுத் தீய எண்ணங்கள்

எகிப்தியப் பாலைவனத் துறவி எவாகிரியுஸ் (சு. 345–399) வகுத்த தீய எண்ணங்களின் பட்டியல்: போசனப்பிரியம், காமம், பொருளாசை, துயரம், கோபம், சோர்வு, வீண்பெருமை, அகந்தை. எண்ணம் எழுவதைத் தடுக்க முடியாது. அதைத் தங்கவிடாதிருப்பது நம் கையில் உள்ளது என்றார் அவர். சோர்வைப் பற்றி எழுதியதே மிகக் கூர்மையானது. ‘நண்பகல் பேய்’ எனப்படும் இச்சோர்வு சூரியன் நகரவே இல்லை என்று தோன்றச் செய்யும், சன்னலையே பார்க்கவைக்கும், அறையைவிட்டு ஓடத் தூண்டும். (அலுவலகத்தில் இருப்போருக்கும் பழகிய பேய்தான்.) சாத்தானுக்கு இயேசு வேதவசனத்தால் மறுமொழி சொன்னதை முன்மாதிரியாகக் கொண்டு, ஒவ்வோர் எண்ணத்துக்கும் எதிரான வசனங்களை நூலாகத் தொகுத்தார். அதன் கிரேக்க மூலம் கிடைக்கவில்லை. சிரியாக் மொழிபெயர்ப்பு உள்ளது. 6-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருத்தந்தை முதலாம் கிரகோரி இப்பட்டியலைத் திருத்தியமைத்தார். தமிழ்க் கத்தோலிக்க மறைக்கல்வியில் வரும் தலையான பாவங்கள் ஏழும் அவ்வழி வந்தவையே.