குடிக்கூலியும் எழுத்தும்

ஆண்டு விழா மலரில் வீட்டு வாடகையைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டுமா என அன்பர்கள் சிலர் வினவக்கூடும். பிழைப்பு நாடி இம்மாநகருக்கு வந்த நம் முன்னோர் முதலில் தேடியது வேலை. அடுத்துத் தேடியது ஓர் அறை. அவர்கள் குடிக்கூலி கொடுத்து வாழ்ந்தார்கள். அவர்தம் மக்களிலும் பேரரிலும் பலர் சிறு வீடு வாங்கி, இன்று குடிக்கூலி பெறுவோராகவும் ஆகியுள்ளனர். ஆதலின் இவ்வரலாறு இரு வகையிலும் நம்முடையதே ஆகும்.

1896-ஆம் ஆண்டு பம்பாயைப் பிளேக் நோய் தாக்கியது. நெருக்கடியான குடியிருப்புகளைச் சீர்செய்யும் பொருட்டு, 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைக்கப்பட்டது. தாதர், மாதுங்கா பகுதிகளில் ஒழுங்கான வீதிகளும் மாடி வீடுகளும் எழுந்தது அதன் திட்டத்தால்தான். அலுவலகக் குமாஸ்தாக்களாக வந்த தென்னாட்டார் பலர் மாதுங்காவில் குடியேறினர்.

முதல் உலகப் போரின்போது வாடகைகள் ஏறின. 1918-இல் பம்பாய் அரசாங்கம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்றை இயற்றிற்று. இரண்டாம் போர் தொடங்கிய 1939-இல் மற்றொரு சட்டம் வந்தது. விடுதலைக்குப் பின் வந்ததே பலரும் அறிந்த 1947-ஆம் ஆண்டுச் சட்டம். அது 1948 பிப்ரவரி 13 முதல் நடைமுறைக்கு வந்தது. 1940 செப்டம்பர் முதல் தேதியன்று ஒரு வீட்டுக்கு என்ன வாடகையோ அதுவே சட்டம் ஒப்பும் வாடகை என்பது அதன் அடிப்படை. வாங்கிய வாடகைக்கு எழுத்து மூலம் ரசீது தராத வீட்டுக்காரருக்குத் தண்டனையும் உண்டு.

ஏழைக் குமாஸ்தாவின் குடும்பம் தெருவுக்கு வராமல் காத்தது இச்சட்டமே. ஆயினும் விலைவாசி ஏறியது, வாடகை ஏறவில்லை. வீட்டுக்காரர் பழுது பார்ப்பதை விட்டனர். பழைய கட்டிடங்கள் மழைக்காலத்தில் இடியத் தொடங்கின. 1969-இல் சட்டமியற்றி, பழுது பார்ப்பதற்கென ஒரு வாரியத்தை அரசாங்கமே நிறுவி, அதற்காகத் தனி வரியும் விதிக்க நேர்ந்தது.

இதற்கிடையே பகடி என்னும் வழக்கம் வேரூன்றியது. இந்தியில் இச்சொல்லுக்குத் தலைப்பாகை என்பது பொருள். வீடு கைமாறும்போது பெருந்தொகை ஒன்றை மறைவாகக் கொடுப்பதே பகடி. 1947-ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் குற்றமென்றது. ஆகவே வாடகைக்கு ரசீது உண்டு. அதனினும் பன்மடங்கான பகடிக்கு ரசீது இல்லை. தமிழில் பகடி என்றால் கேலி. ரசீதில்லாத பணத்துக்கு நம் மொழிப் பொருளும் பொருந்துகிறதன்றோ!

வீடு திரும்பி வராதோ என்று அஞ்சிய உரிமையாளர் வேறு வழி தேடினர். 1882-ஆம் ஆண்டு ஈஸ்மெண்ட் சட்டத்தின்படி, ‘இது வாடகையன்று, தங்குவதற்கு அனுமதி மட்டுமே’ என்று எழுதினர். இதுவே லீவ் அண்ட் லைசென்ஸ். டில்லி ஓட்டல் ஒன்றில் நடந்த முடிதிருத்தும் நிலையம் பற்றிய வழக்கில், 1959-இல் சுப்ரீம் கோர்ட்டு, பத்திரத்தின் பெயரைப் பாராமல் அதன் உட்பொருளையே பார்க்க வேண்டும் என்றது. பின்னர் 1973-இல் மகாராஷ்டிர அரசு சட்டத்தைத் திருத்தியது. அவ்வாண்டு பிப்ரவரி முதல் தேதியன்று நடப்பிலிருந்த லைசென்சில் குடியிருந்தோர் வாடகைதாரராகவே கருதப்பட்டனர். அஞ்சிய உரிமையாளர் பலர் வீட்டைப் பூட்டியே வைக்கலாயினர்.

1997 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, வாடகையை என்றென்றும் உறையவைப்பது நியாயமன்று எனத் தீர்ப்பளித்தது. 1999-ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 மார்ச் 31 முதல் அமலாயிற்று. இதன் 55-ஆவது பிரிவை நம்மவர் ஒவ்வொருவரும் அறிதல் வேண்டும். வாடகையாயினும் லைசென்சாயினும் எழுதிப் பதிவு செய்தாக வேண்டும், அக்கடமை உரிமையாளருடையது. பதிவில்லையேல், மாறாக நிரூபிக்கப்படும் வரை, குடியிருப்பவர் கூறும் நிபந்தனைகளே செல்லும்.

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கே பதிவு வேண்டும் என்பது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். நாடெங்கும் 11 மாத ஒப்பந்தம் பரவியது அதனால்தான். ஆனால் மகாராஷ்டிரத்தில் 11 மாதத்துக்கும் பதிவு வேண்டும். இதனை யாம் பட்டே அறிந்தோம். டோம்பிவிலியில் உள்ள எமது சிறு வீட்டை, ஊர்க்காரர் என்ற நம்பிக்கையில், பதிவில்லாத முத்திரைத்தாளில் ஒருவருக்கு விட்டோம். காலி செய்யும் வேளையில், தாம் கொடுத்த டெபாசிட் இருமடங்கு என்றார் அவர். மறுக்க எம்மிடம் ரசீதின் அடிக்கட்டை கூட இல்லை. நாள் முழுதும் ரயில்வே அலுவலகத்தில் பிறர் சரக்குக்கு ரசீது எழுதும் கை, சொந்த வீட்டுக்கு எழுதத் தவறியது. கேட்டதைக் கொடுத்தே சாவியைப் பெற்றோம். பணம் போனதினும், ஓர் ஊர் உறவு போனதே எமக்கு வருத்தம்.

பத்திரத்தோடு இடத்தின் நிலவரமும் தெரிந்திருத்தல் நலம். தரகர் சொல்லை மட்டும் நம்பாமல், அதே கட்டிடத்தில் அண்மையில் விடப்பட்ட வீடுகளின் வாடகையை விசாரிக்க வேண்டும். ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிட நடை, விரைவு வண்டி நிற்குமா, தண்ணீர் எத்தனை மணி நேரம் வரும் என்பனவே இங்கு வாடகையை நிர்ணயிக்கின்றன. 12,000 ரூபாய் பெறும் வீட்டுக்கு 500 ரூபாய் கூடுதலாகக் கேட்டு இரண்டு மாதம் பூட்டி வைத்தால், அந்த 24,000 ரூபாய் நட்டத்தை ஈடுசெய்ய 48 மாதங்கள் ஆகும்! வீட்டை வாடகைக்கு விடும் உறுப்பினரிடம் கூட்டுறவு சொசைட்டி பெறும் கூடுதல் கட்டணம், சேவைக் கட்டணத்தில் நூற்றுக்குப் பத்தை மிஞ்சலாகாது என்பது 2001-ஆம் ஆண்டு அரசு ஆணை. குடிவருபவரைப் பற்றிப் போலீசுக்குத் தெரிவிப்பதையும் மறத்தலாகாது.

அன்பர்களே! உறவினராயினும் ஊராராயினும் எழுதிக் கொடுப்பதும் எழுதி வாங்குவதும் ஐயப்பாட்டின் அடையாளமல்ல. நம் பாட்டனார் பெட்டியடியில் காத்து வைத்த பழைய வாடகை ரசீதுகள் அன்று அவர் குடும்பத்துக்கு நிழல் தந்தன. இன்று வீடு விடுவோரும் வீடு புகுவோரும் அவ்வழக்கத்தைக் கைவிடாதிருப்பாராக.