சேற்று வீதியும் உழவர் ஆட்சியும்

சில வருடங்களுக்கு முன் ஒரு பங்குனி மாதம், பண்ணைக்காரர் ஒருவரின் கணக்கு விடயமாக ஒன்ராறியோவின் கிரே கவுன்ரிக்குப் போயிருந்தேன். பனி உருகும் காலம். கிரவல் வீதியின் ஓரத்தில் கார் புதைந்துவிட்டது. அவர்தான் உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து இழுத்துவிட்டார். சின்ன வயதில் பரந்தனில் பார்த்த அதே சிவப்பு மசி பெர்குசன்! அந்தக் கொம்பனியின் வேர், 1847 இல் இதே ஒன்ராறியோவின் நியூகாசில் ஊரில் டானியல் மசி தொடங்கிய பட்டறையில் இருக்கிறது.

அன்று என் காரைப் பிடித்த சேற்றுக்கும் ஓர் அரசியல் வரலாறு உண்டு. ஆதியில் வீதிக்கான வரி பெரும்பாலும் உழைப்பாகவே கட்டப்பட்டது. 1793 ஆம் ஆண்டுச் சட்டப்படி குடியேறியவர்கள் வருடத்தில் சில நாட்கள் மண்வெட்டியோடு வீதி வேலைக்கு வரவேண்டும். மேற்பார்வையாளரும் ஊரவரே. அயலவனை அதட்டி வேலை வாங்க யார் துணிவார்? வீதி சேறாகவே கிடந்தது. 1901 இல்தான் மாகாண அரசு 10 இலட்சம் டொலர் ஒதுக்கி, கவுன்ரி வீதிச் செலவில் மூன்றில் ஒரு பங்கு தர முன்வந்தது.

பிறகு கார் வந்தது. 1917 இல் ரொறன்ரோவையும் ஹமில்ரனையும் இணைத்துக் கொங்கிறீற் நெடுஞ்சாலை முடிந்தது. உழவர்களுக்கு எரிச்சல். பட்டணத்தார் ஞாயிற்றுக்கிழமை உலாப் போக எங்கள் வரிப்பணமா? எங்களுக்கு வேண்டியது சந்தைக்கும் ரயில் நிலையத்துக்கும் போகிற வீதியல்லவா? கருவிகளிலும் இதே மனக்குறைதான். 1879 இன் சுங்கவரி அமெரிக்கக் கருவிகளின் விலையை ஏற்றியது. ஆதாயம் மசி போன்ற உள்ளூர் உற்பத்தியாளருக்கு. 1894 இல் அந்தக் குடும்பம் கட்டிக்கொடுத்த மசி மண்டபத்தை ரொறன்ரோவில் கடக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குத்தான் ஞாபகம் வரும்.

எல்லாவற்றிலும் பெரிய அடி 1918 இல் விழுந்தது. உழவர் பிள்ளைகளுக்குக் கட்டாய இராணுவ சேவையிலிருந்து விலக்கு என்று 1917 தேர்தலில் வாக்களித்த ஒட்டாவா அரசு, மறு சித்திரையில் அதை ரத்துச் செய்தது. வைகாசியில் ஆயிரக்கணக்கான உழவர்கள் ஒட்டாவாவுக்குப் போய் முறையிட்டு, வெறுங்கையோடு திரும்பினார்கள். 1919 ஒக்ரோபர் மாகாணத் தேர்தலில் பதில் சொன்னார்கள். ஒன்ராறியோ ஐக்கிய உழவர் அமைப்புக்கே ஆகக் கூடிய இடங்கள். தலைவரே இல்லாமல் வென்றவர்கள்! அந்தத் தேர்தலில் நிற்காத சிம்கோ கவுன்ரி உழவர் ஏர்னஸ்ற் ட்ரூரியைத் தேடிப் பிடித்து முதல்வராக்கினார்கள். தொழிற்கட்சியோடு கூட்டாட்சி. இரண்டு வருடத்தில், அதே அலையில், கிரே கவுன்ரி உழவர் மகள் அக்னஸ் மக்ஃபெயில் கனடாவின் மத்திய நாடாளுமன்றத்துக்குத் தெரிவான முதல் பெண்ணானார்.

இனித்தான் கணக்காளனுக்குச் சுவையான பக்கம். ஆடம்பர நெடுஞ்சாலை வேண்டாம் என்றவர்களின் அரசிலே, உழவரான பிராங்க் பிக்ஸ் நெடுஞ்சாலை அமைச்சர். பல கவுன்ரி வீதிகளை மாகாண நெடுஞ்சாலைகளாக ஏற்று, பணத்தைத் தாராளமாக இறக்கினார். 1919 ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கீகரித்த வீதிகளின் செலவில் மத்திய அரசு 40 வீதம் தரும். 60 சதம் போட்டால் ஒரு டொலர் வீதி கிடைக்கும் என்றால் யார் விடுவார்? உழவர்களும் அதற்குள் ஃபோர்ட் கார் வாங்கத் தொடங்கிவிட்டார்கள். பிக்ஸை நான் குறை சொல்லமாட்டேன், வீதிகள் தேவைதான். ஆனால் சிக்கனம் பேசி வந்தவர்களின் ஏட்டில் கடன் ஏறியது. எதிர்க்கட்சி சும்மா விடுமா? 1923 இல் ஆட்சி போனது.

அடுத்து வந்த ஃபெர்கியூசன் அரசு (உழவு இயந்திரத்துக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை) 1925 இல் பெற்றோலுக்குக் கலனுக்கு 3 சதம் வரி போட்டது. பட்டணத்தாரும் கட்டினார்கள், கார் வைத்திருந்த உழவரும் கட்டினார்.