ஹவானா சுருட்டும் அதை விளைவித்த குடியானவரும்

(வானொலிப் பண்ணை நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரை)



சுருட்டு என்றதும் நம்மில் பலருக்குத் திருச்சி உறையூரும் திண்டுக்கல்லும் நினைவுக்கு வரும். வெள்ளைக்காரர் காலத்தில் இங்கே செய்த சுருட்டு கப்பலேறி இங்கிலாந்து வரைக்கும் போனது. ஆங்கிலத்தில் 'செரூட்' என்று வழங்குகிற சொல்லே நம்ம 'சுருட்டு'தான். ஆனால், உலகத்திலேயே அதிக விலை போகிற சுருட்டு எது என்று கேட்டால், வியாபாரிகள் கியூபா நாட்டின் ஹவானா நகரத்தைத்தான் கை காட்டுவார்கள். அந்த ஊரில் 1999-ஆம் ஆண்டு சுருட்டுக்கென்று ஒரு திருவிழாவே தொடங்கினார்கள். அந்த விழாவைப் பற்றியும், அதன் பின்னால் நிற்கிற குடியானவர்களின் 300 ஆண்டுக் கதையைப் பற்றியும் இன்றைக்குப் பார்ப்போம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புகையிலை எந்த வடிவத்திலும் உடம்புக்குக் கேடுதான். யாரையும் சுருட்டுப் பிடிக்கச் சொல்ல நான் வரவில்லை. விளைச்சலைப் பற்றியும் விலையைப் பற்றியும்தான் பேசப்போகிறேன்.

விழாவுக்குப் பல நாட்டு வியாபாரிகள் வந்து சேருவார்கள். முதலில் அவர்களைக் கியூபாவின் மேற்குக் கோடியில் இருக்கும் பினார் டெல் ரியோ மாகாணத்துப் புகையிலைத் தோட்டங்களுக்கு அழைத்துப் போவார்கள். பிறகு ஹவானாவில் சுருட்டுத் தொழிற்சாலைகளைச் சுற்றிக் காட்டுவார்கள். கடைசி நாள் இரவு விருந்தும் ஏலமும். அந்த ஏலப் பணம் கியூபாவின் பொதுச் சுகாதாரத் துறைக்குப் போகிறது. 2023-ஆம் ஆண்டு ஏலத்தில் மொத்தம் 1 கோடியே 12 லட்சம் யூரோ வசூலானது. அன்றைய மதிப்பில் நம்ம கணக்குக்கு ஏறக்குறைய 97 கோடி ரூபாய். அதில் 'கோஹிபா' சுருட்டு அடுக்கிய ஒரே ஒரு மரப்பேழை மட்டும் 42 லட்சம் யூரோவுக்குப் போனது.

ஒரு இலைக்கு இந்த மதிப்பு எங்கிருந்து வந்தது? மண்ணிலிருந்தும் குடியானவர் கையிலிருந்தும்தான்.

பினார் டெல் ரியோவில் வுவெல்டா அபாஹோ என்று ஒரு வட்டாரம். செம்மண் கலந்த மணல்சாரி நிலம். அங்கே நாற்றங்காலில் வளர்த்த நாற்றை, மழைக்காலம் ஓய்ந்த பிறகு அக்டோபர் முதல் நடுகிறார்கள். சுருட்டின் மேல் சுற்றுகிற இலை மெல்லிசாக, பழுதில்லாமல் இருக்கவேண்டும். அதற்காக வயல் முழுக்க வெள்ளைத் துணிப் பந்தல் போட்டு, வெயில் நேராகப் படாமல் வளர்க்கிறார்கள். உள்ளே வைக்கிற இலைக்குப் பந்தல் கிடையாது, நல்ல வெயில் வேண்டும்.

செடியை ஒரே நாளில் அறுப்பதில்லை. அடியிலிருந்து இரண்டு மூன்று இலையாகப் பறித்து, சில நாள் விட்டு அடுத்த அடுக்குக்குப் போகிறார்கள். அடி இலைக்குக் காரம் குறைவு, நன்றாக எரியும். நடு இலைக்கு வாசனை. நுனி இலைக்குக் காரம் அதிகம். இவற்றை ஒன்றோடொன்று கலப்பதில்லை. இலைகளை ஊசி நூலில் கோர்த்து, கழிகளில் தொங்கவிட்டு, ஓலை வேய்ந்த கொட்டகையில் ஏறக்குறைய 50 நாள் காற்றிலேயே பாடம் செய்கிறார்கள். பச்சை இலை மஞ்சளாகிப் பழுப்பாகும். பிறகு அம்பாரம் போட்டுப் புழுங்க வைக்கிறார்கள். உள்சூடு ஏறுகிறதா என்று பார்த்துப் பார்த்துப் பிரித்து அடுக்கவேண்டும். கொஞ்சம் அசந்தால் ஒரு வருஷத்து உழைப்பு மக்கிப்போகும். தரம் பிரித்த இலையைப் பாக்குமட்டை போன்ற ஒரு மட்டையில் சிப்பம் கட்டி வைக்கிறார்கள். நுனி இலையை இரண்டு ஆண்டுக்கு மேலும் வைத்திருந்துதான் எடுக்கிறார்கள்.

சரி, இவ்வளவு பாடுபட்ட குடியானவருக்கு என்ன விலை கிடைத்தது? வரலாற்றில் இதுதான் முக்கியமான கேள்வி.

கியூபா அப்போது ஸ்பெயின் அரசரின் ஆட்சியில் இருந்தது. 1717-இல் அரசர் ஒரு உத்தரவு போட்டார். விளைகிற புகையிலை முழுவதையும் அரசாங்கத்துக்குத்தான் விற்கவேண்டும், விலையையும் அரசாங்கமே வைக்கும் என்றார்கள். குடியானவர்கள் பொறுக்கவில்லை. அதே ஆண்டு ஆயுதத்தோடு ஹவானாவுக்குள் புகுந்தார்கள். ஆளுநர் பதவியை விட்டுவிட்டுக் கப்பலேறிப் போனார். 1720-இல் மறுபடியும் எழுந்தார்கள். 1723-இல் மூன்றாவது தடவை எழுந்தபோது ராணுவம் வந்தது. பிடிபட்டவர்களை ஹவானாவுக்கு வெளியே ஹெஸூஸ் டெல் மோன்டே என்ற இடத்தில் தூக்கிலிட்டார்கள். தன் விளைச்சலுக்குத் தானே விலை சொல்லவேண்டும் என்று கேட்டதற்காக உயிர் கொடுத்தவர்கள் அவர்கள். அந்த ஏகபோக உத்தரவு ரத்தானது 1817-இல். சரியாக 100 ஆண்டு ஆயிற்று.

உத்தரவு போன பிறகுதான் ஹவானாவில் பெரிய தொழிற்சாலைகள் கிளம்பின. 1844-இல் உப்மன், 1845-இல் பர்த்தாகாஸ். இன்றைக்கும் பேர் சொல்லுகிற சுருட்டுகள் இவை. உள்ளே போய்ப் பார்த்தால் பள்ளிக்கூடம் மாதிரி வரிசையாக மேசைகள். ஒரு பலகை, ஒரு அரைவட்டக் கத்தி, கொஞ்சம் பசை, இவ்வளவுதான் கருவி. உள்ளிலைகளைச் சேர்த்து, கட்டு இலை சுற்றி, அச்சில் அழுத்தி, கடைசியில் மேலிலையைச் சுற்றுகிறார்கள். முடிந்ததை 50 ஐம்பதாகக் கட்டி வைக்கிறார்கள். பெட்டியில் அடுக்கும்போது எல்லாம் ஒரே நிறமாக இருக்கும்படி, ஒரு சாயல் மாறினாலும் தனியே எடுத்துவிடுகிறார்கள்.

இன்னொரு நல்ல வழக்கமும் அங்கே உண்டு. தொழிலாளர் சுருட்டு சுற்றிக்கொண்டிருக்க, ஒருவர் மேடையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். காலையில் செய்தித்தாள், பிறகு கதைப் புத்தகம். 1865-இல் எல் ஃபிகரோ என்ற தொழிற்சாலையில் இது தொடங்கியது. படிக்கிறவருக்குத் தொழிலாளரே தங்கள் கூலியிலிருந்து சம்பளம் கொடுத்தார்கள். விஷயம் தெரிந்துகொண்டால் உரிமை கேட்பார்கள் என்று பயந்து, 1866-இலேயே அரசாங்கம் அதைத் தடை செய்தது. தடை நிற்கவில்லை, வாசிப்புதான் நின்றது. 'மாண்டிகிறிஸ்டோ' என்ற சுருட்டுக்கு அந்தப் பெயர் வந்ததே அப்படி விரும்பிக் கேட்ட ஒரு நாவலால்தான். இப்போது நீங்கள் வேலை செய்துகொண்டே வானொலி கேட்கிறீர்கள் இல்லையா? அதற்கு இவர்கள் முன்னோடிகள்.

1959-இல் கியூபாவில் புரட்சி வந்தது. நிலச் சீர்திருத்தத்தில் குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுதவர்களுக்கு நிலம் கிடைத்தது. 1960-இல் தொழிற்சாலைகள் அரசுடைமை ஆயின. 1962-இல் அமெரிக்கா வர்த்தகத் தடை போட்டது. சில குடும்பங்கள் டொமினிக்கன் குடியரசுக்கும் நிகராகுவாவுக்கும் போய் அங்கே சுருட்டுத் தொழிலை வளர்த்தன. அந்த நாடுகளிலும் பின்னாளில் சுருட்டு விழாக்கள் தோன்றின. கியூபாவிலோ நிலம் பெரும்பாலும் சிறு குடியானவர்கள் கையிலும் கூட்டுறவுச் சங்கங்களின் கையிலும் இருக்கிறது. இலையை அரசு நிறுவனத்துக்கு ஒப்பந்த விலைக்குத்தான் கொடுக்கவேண்டும். 1717-இல் எழுந்த கேள்வி இன்னும் முழுசாகத் தீர்ந்துவிடவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆனாலும் ஒரு குடியானவர் பெட்டியின் மேலேயே தன் பெயரை ஏற்றினார். அவர் பெயர் அலெஹாந்த்ரோ ரொபைனா. 1919-இல் பிறந்தவர். சான் லூயிஸ் ஊரில் அவர் குடும்பம் 1845 முதல் புகையிலை போட்டு வந்தது. கூட்டுப் பண்ணையில் சேராமல் குடும்பமாகவே உழைத்தார். மேலிலை விளைவிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பேர் எடுத்தார். 1997-இல் அரசு நிறுவனம் 'வேகாஸ் ரொபைனா' என்று அவர் பெயரிலேயே சுருட்டு வெளியிட்டது. 'வேகா' என்றால் புகையிலைத் தோட்டம். 2010-இல் காலமாகும்வரை உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் அவர் வீட்டுத் திண்ணையைத் தேடி வந்தார்கள்.

இப்போது அந்த 2023 ஏலத்துக்குத் திரும்புவோம். அதற்கு ஐந்து மாதம் முன்னால், 2022 செப்டம்பர் 27 அன்று இயான் புயல் நேராகப் பினார் டெல் ரியோவில் கரையேறியது. ஆயிரக்கணக்கான பாடக் கொட்டகைகள் தரைமட்டம். ரொபைனா தோட்டமும் தப்பவில்லை. நாற்றங்கால் போடுகிற நேரத்தில் கொட்டகைக்குக் கழி தேடி அலைந்தார்கள். ஹவானா மண்டபத்தில் 42 லட்சத்துக்கு ஏலம் கூவியபோது, தோட்டங்களில் கொட்டகை கட்டும் வேலை முடிந்திருக்கவில்லை. 2018-இல் கஜா புயலில் தென்னையை இழந்த நம்ம டெல்டா மக்களுக்கு இந்த வேதனையை நான் விளக்கத் தேவையில்லை.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள மூன்று விஷயம் உண்டு. மஞ்சளோ மிளகாயோ, தரம் பிரிக்காமல் கலந்து கட்டினால் கடைசித் தரத்துக்குத்தான் விலை கிடைக்கும். இரண்டாவது, அறுவடையோடு வேலை முடிவதில்லை, காய வைப்பதிலும் பக்குவப்படுத்துவதிலும் இருக்கிறது பாதி விலை. களத்துக்கும் கொட்டகைக்கும் போடுகிற பணத்தை வீண் செலவு என்று நினைக்காதீர்கள். மூன்றாவது, விலையைத் தனி ஆளாகப் போய்க் கேட்டால் ஒருவரும் காது கொடுக்கமாட்டார்கள். சங்கமாகச் சேர்ந்து, உங்கள் ஊர்ப் பெயரைச் சாக்கின் மேல் அச்சடித்து, அந்தப் பெயருக்கு விலை கேளுங்கள்.