தலைமுடியில் அடிக்கடி சிக்கு விழுதா? வீட்டிலேயே எண்ணெய் காய்ச்சலாம்... ஆனா இதையெல்லாம் கவனிங்க!

ஸ்கூல் வேன் வரும் நேரம் பார்த்து சீப்பு பாதி முடியில் மாட்டிக்கொள்ளும். அம்மா இழுக்க, பிள்ளை அலற, நீளமான முடி உள்ள வீடுகளில் இது தினமும் நடக்கும் பஞ்சாயத்துதான். வெடுக்கென இழுத்தால் சிக்கு போகாது, முடிதான் அறுந்து வரும். இதற்கு வீட்டிலேயே காய்ச்சும் எண்ணெய் கைகொடுக்குமா?

சிக்கு ஏன் விழுகிறது?

ஒவ்வொரு முடியின் மேலும் ஓட்டு வீட்டுக் கூரைபோல நுண்ணிய செதில்கள் அடுக்கடுக்காக இருக்கும். வெயில், ஷாம்பு, ஹேர் டை, டிரையர் சூடு எல்லாம் சேர்ந்து இந்தச் செதில்களைத் தேய்த்துத் தூக்கிவிடும். அப்போது ஒரு முடி இன்னொன்றில் மாட்டிக்கொள்கிறது. முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும். அப்படிப் பார்த்தால் 60 செ.மீ. நீள முடியின் நுனிக்கு 5 வயது! அதனால்தான் நுனியில் சிக்கு அதிகம்.

எண்ணெய் என்ன செய்கிறது?

முடிகள் உரசாமல் வழுக்கி விலக எண்ணெய் உதவுகிறது. தேங்காய் எண்ணெய் முடிக்குள்ளும் ஊடுருவும். அது முடியிலிருந்து புரதம் இழக்கப்படுவதைக் குறைப்பதாக 2003ல் வெளியான ஆய்வு சொல்கிறது. அந்த ஆய்வைச் செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிகோ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தேவையானவை

* தேங்காய் எண்ணெய் - 200 மி.லி.
* விளக்கெண்ணெய் - 4 டீஸ்பூன்
* கறிவேப்பிலை - ஒரு கைப்பிடி
* செம்பருத்திப் பூ - 5

செய்முறை

1. இலை, பூவைக் கழுவி, துணியில் துடைத்து, நிழலில் நன்றாக உலர்த்தவும். ஈரம் இருந்தால் எண்ணெய் தெறிக்கும், சீக்கிரம் கெட்டும் போகும்.
2. அடிகனமான பாத்திரத்தில் தேங்காய் எண்ணெயை ஊற்றி, சிறு தீயில் இலை, பூவைப் போடவும்.
3. சடசடப்புச் சத்தம் அடங்கி, இலை மொறுமொறுப்பானதும் அடுப்பை அணைக்கவும். புகை வரும்வரை விடக் கூடாது.
4. ஆறியதும் பருத்தித் துணியில் வடிகட்டி, விளக்கெண்ணெயைக் கலந்து, உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் ஊற்றவும்.

ஒரு மாதத்துக்குள் தீரும் அளவு மட்டும் காய்ச்சினால் போதும். காறல் வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

வெந்தயம் சேர்க்கலாமா?

வெந்தயம், செம்பருத்தி இலையில் இருக்கும் வழுவழுப்பு தண்ணீரில்தான் இறங்கும், எண்ணெயில் இறங்காது. அதனால் காய்ச்சும்போது போடுவதைவிட, வெந்தயத்தை ஊறவைத்து அரைத்தோ, செம்பருத்தி இலையைத் தண்ணீரில் கசக்கியோ குளிக்கும்போது தேய்ப்பதில்தான் பலன். எண்ணெயில் போடும் பூவும் கறிவேப்பிலையும் முக்கியமாக நிறத்துக்கும் வாசனைக்கும்தான். சிக்கை எடுப்பது எண்ணெயே.

எப்படித் தேய்ப்பது?

தலைக்குக் குளிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு, ஒன்றிரண்டு டீஸ்பூன் எண்ணெயை நுனியிலிருந்து நடு முடி வரை தடவவும். முதலில் விரலால் பெரிய சிக்குகளைப் பிரிக்கவும். பிறகு அகலமான பல் உள்ள சீப்பால் நுனியில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரவும். சிக்குக்கு மேலே முடியை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டால் வேர் வலிக்காது. ஈர முடி எளிதில் அறுந்துவிடும் என்பதால், சிக்கைக் குளிப்பதற்கு முன்பே எடுப்பது நல்லது.

இதை மறக்காதீங்க

* விளக்கெண்ணெய் பிசுபிசுப்பானது. அளவைக் கூட்டாதீர்கள். அதைத் தேய்த்துக் குளித்தவரின் முடி மொத்தமாகச் சடைபிடித்து, வெட்டி எடுக்க வேண்டி வந்தது மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது.
* பொடுகு உள்ளவர்கள் உச்சந்தலையில் தேய்க்க வேண்டாம். பொடுகுக்குக் காரணமான பூஞ்சை எண்ணெய்ப்பசையில் வளரக்கூடியது.
* முதல்முறை முழங்கையின் உட்புறம் தடவி ஒரு நாள் பாருங்கள். அரிப்பு, தடிப்பு வந்தால் தவிர்க்கவும்.

முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தாலோ, தலையில் புண் இருந்தாலோ எண்ணெயை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் தோல் மருத்துவரைப் பார்ப்பதே சரி.